தெருவுக்கெல்லாம் ஒரே ஒயர்

அக்டோபர் 3, திங்கள்

நெட் நிற்கிற நேரத்தைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், அப்போதுதான் கோளாறு எங்கே என்று பார்க்க முடியும் என்று டெலிபோன் ஆபீஸில் சொன்னார்களாம். என் மருமகள் வினோதினிக்கு நெட்டில் வகுப்பு எடுக்கவே பொழுது போதவில்லை. "நான் எழுதுதேன், இங்க கொண்டா" என்று வாங்கிக்கொண்டேன்.

"உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம்?" என்றாள்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் மகன் கதிரேசன் குவைத்துக்குப் போன நாளில் இருந்து வீட்டு வரி, கரண்டு பில், பேத்தி யாழினியின் பள்ளிக்கூட விண்ணப்பம் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகிறது. எழுத்து புரியவில்லை என்று ஒருத்தரும் திருப்பி அனுப்பியதில்லை.

இன்றைக்கு நெட் நிற்கவில்லை. மெதுவாக இருந்தது. மெதுவையும் எழுத வேண்டுமா என்று கேட்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 4, செவ்வாய். ஆயுத பூஜை

அரிவாள்மனை, கத்தரிக்கோல், தையல் மிஷின், யாழினியின் புத்தகங்கள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். நெட் பெட்டிக்கும் வைத்தேன். அதுவும் சோறு போடுகிற ஆயுதம்தானே. பூஜைக்கு வைத்ததை அன்றைக்கு எடுத்து வேலை செய்யக் கூடாது, ஒரு நாளாவது அணைத்து வை என்று சொல்லிப் பார்த்தேன்.

"மஸ்கட்ல இருக்கற பசங்களுக்கு ஆயுத பூஜை லீவு கிடையாது அத்தை. அது சாமியும் கும்பிடட்டும், வேலையும் பாக்கட்டும்" என்றாள். நான் வைத்த சந்தனம் காற்றுப் போகிற ஓட்டைகளை அடைத்துவிட்டதாம். ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். கோபப்படவில்லை. சிரித்தாள். வேலூர்க்காரிக்குக் கோபம் வராது என்று இல்லை, என்னிடம் காட்டமாட்டாள்.

சாயங்காலம் வகுப்பு நடுவில் நெட் நின்றது. பத்து நிமிஷம் இருக்கும். காரணம் தெரியவில்லை.

வகுப்பு நேரத்தில் ஹால் போனின் மணியை அணைத்து வைப்போம், அந்நேரம் என் அறைப் போனில்தான் ஒரு போன் வந்தது. ஊர் விஷயம்தான்.

அக்டோபர் 5, புதன்

நிற்கவில்லை.

வினோதினியின் வேலை என்ன என்று தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள். சென்னையில் ஒரு டியூஷன் கம்பெனி. அவர்கள் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கிறார்கள், இவள் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாக மஸ்கட் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். சாயங்காலம் நாலரையில் இருந்து ஆறரை வரை. அந்நேரம் நான் குக்கரைக்கூட அடுப்பில் வைப்பதில்லை. விசில் சத்தம் மஸ்கட்டுக்குக் கேட்டுவிடும்.

இப்போது பார்ப்பது சோதனைக்காலம். நவம்பர் இரண்டாம் தேதி கம்பெனி மேலாளர் அம்மா அவளுடைய வகுப்பில் கூட உட்கார்ந்து பார்ப்பார். படம் நின்று நின்று வந்தால் வேலை நிரந்தரம் இல்லை. அப்படி ஆனால் வேலூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் இருந்து வேறு கம்பெனியில் சேரப்போகிறாளாம். அங்கே நெட் நன்றாக இருக்கிறதாம். யாழினியையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் போடவேண்டி வரும் என்றாள்.

சரியான யோசனைதான். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. தனியாக இருக்கத் தெரியாதவளா நான்.

அக்டோபர் 7, வெள்ளி

நாலே முக்காலுக்கு நின்றது. ஐந்துக்கு வந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி போடப்போகிறார்கள் என்று போனில் தெரிந்தது.

அக்டோபர் 9, ஞாயிறு

வினோதினி இன்றைக்கு வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். "அத்தை, தெருவுல எல்லாரும் கேபிள் நெட் வச்சிருக்காங்க. நமக்கு மட்டும் ஏன் போன் ஒயர்ல வர டி.எஸ்.எல்.?"

அவள் சொல்லிக் கொடுத்ததை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். போன் ஒயர் எக்ஸ்சேஞ்சில் இருந்து நம் வீட்டுக்கென்றே தனியாக வருவது. யாரும் பங்குக்கு வரமாட்டார்கள். ஆனால் எக்ஸ்சேஞ்ச் தூரம். தூரம் போகப் போக வேகம் செத்துவிடும். கேபிள் தடித்த ஒயர். நிறையத் தாங்கும். ஆனால் அது தெருவுக்கெல்லாம் பொது. எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டுகிற மாதிரிதான்.

"அப்ப நம்ம ஒயர்தான் மரியாதையானது" என்றேன்.

அவளுக்கு விஷயம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாள். இந்த நல்லமங்கலத்தில் கேபிள் நடத்துவது என் தம்பி வெயிலுமுத்து. அவன் மகள் பேச்சியம்மாளைக் கதிரேசனுக்குக் கட்டுவதாகப் பேச்சு இருந்தது. முறைப்பெண். கதிரேசன் சென்னையில் கூட வேலை பார்த்த வினோதினியைக் கட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு வெயிலுமுத்து எங்கள் வாசலுக்கு வந்து, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே குறடு வைத்துக் கேபிளை வெட்டினான். "இனி என் ஒயர் இந்த வீட்டுக்கு வராது" என்றான். "உன் ஒயர் என் வாசல மிதிச்சா நான் வெயிலுகந்தம்மன் கோயில் பக்கம் வரல" என்றேன். தெருவே கேட்டது. ஒன்பது வருஷம் ஆகிறது. குடைத் தட்டு வைத்துத்தான் டிவி பார்க்கிறோம்.

இந்தத் தெருவில் முதல் போன் எங்கள் வீட்டுப் போன். கல்யாணப் பத்திரிகைகளில் பி.பி., அதாவது பக்கத்து வீட்டு நம்பர், என்று போட்டு எங்கள் நம்பரைத்தான் அடிப்பார்கள். அந்த ஒயருக்கு என்ன குறைச்சல்?

அக்டோபர் 11, செவ்வாய்

நின்றது. சுருக்கமாகத்தான் பேசினேன்.

அக்டோபர் 13, வியாழன்

வாய்ப்பேச்சு எதற்கு, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். கண்ணாடி கீறிய பழைய செல்போன் ஒன்று கிடக்கிறது. அதில் வேகம் பார்ப்பது எப்படி என்று யாழினி சொல்லிக் கொடுத்தாள். ஒரு முள் வட்டமாகப் போகும். கடைசியில் நிற்கிற எண்தான் வேகம்.

விடியற்காலையில் எழுந்து வாசல் தெளிப்பதற்கு முன் எங்கள் வீட்டில் பார்த்தேன். நாலு. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு எதிர்வீட்டு டீச்சர் வீட்டுக்குப் போய் அவர்கள் கேபிளில் பார்த்தேன். அன்றைக்குக் கிரிக்கெட். மூணு.

"பாத்தியா, உங்க கேபிளு மூணுதான்" என்று டீச்சரிடம் சொன்னேன். "அப்படியா மதினி?" என்று அவளும் வாயைப் பிளந்தாள்.

வினோதினியிடமும் சொன்னேன். அவள் எண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கணும் அத்தை" என்றாள். கணக்கு டீச்சர் அல்லவா.

காலையில் பால் வாங்கப் போனபோது ஒருதரம் டீச்சர் வீட்டில் பார்த்ததும் உண்டு. அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. முள் ஏதோ தவறி ஓடியிருக்கும்.

அக்டோபர் 14, வெள்ளி

நின்றது.

வகுப்பு முடிந்து வினோதினி நான் எழுதியதை வாங்கித் தேதிகளை மட்டும் பார்த்தாள். மற்றதைப் படிக்கவில்லை, நாகரிகம் தெரிந்தவள். "அத்தை, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் நிக்குதே, கவனிச்சீங்களா? திங்கள், புதன் எல்லாம் மெதுவா வந்தாலும் நிக்கறதில்ல."

"டெலிபோன் ஆபீஸ்ல அன்னைக்குப் பூஜை போடுவாக போல" என்றேன்.

யாழினி சும்மா இருந்திருக்கலாம். "ஆச்சி, செவ்வாக்கிழமை போன்ல பேசுறவுக ஏன் உங்கள அத்தைன்னு கூப்பிடுறாக? அம்மாதான உங்கள அத்தைன்னு கூப்பிடுவாக?"

"தெருவுல பாதிப் பேரு என்னைய அத்தைன்னுதான் கூப்பிடுதான்" என்று சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டேன்.

அக்டோபர் 17, திங்கள்

லைன்மேன் வந்தார். சௌந்தரபாண்டி என்று பெயர். வாசல் பெட்டியைத் திறந்து பார்த்தார், மோடத்தைத் திருப்பிப் பார்த்தார், பிறகு சுவரோரம் ஓடுகிற ஒயரைப் பிடித்துக்கொண்டே என் அறைக்குள் வந்துவிட்டார். என் கட்டில் பக்கத்தில் இருக்கிற போனைக் காட்டி, "இது எப்பம்மா போட்டது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் இருக்கும்போதே போட்டது. ஹால் வரைக்கும் ஓட முடியாதுன்னு."

"அதான். மோடத்துக்குப் பக்கத்துல போனையும் நெட்டையும் பிரிக்கிற டப்பா இருக்கு. இந்த ஒயரு அந்த டப்பாவுக்குப் போகாம நேரா சுவத்துக்குள்ள வந்திருக்கு. இந்தப் போன் அடிச்சாலும், எடுத்துப் பேசினாலும் அங்க நெட்டு படுத்துரும்."

வினோதினி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். என்னையே பார்த்தாள். "செவ்வாய், வெள்ளில யாரு அத்தை போன் பண்றது?" என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "இதைக் கழட்டிடுங்க அண்ணா, அத்தை ஹால் போன்ல பேசிப்பாங்க" என்றாள்.

கழற்றிவிட்டார். கட்டில் பக்கத்தில் போன் இருந்த இடத்தில் தூசி சதுரமாக இருந்தது. துடைத்தேன்.

அக்டோபர் 18, செவ்வாய்

மணியை அணைக்க மறந்ததில் ஹாலில் போன் அடித்தது. வினோதினி கம்ப்யூட்டரில் பின்னத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நெட் நிற்கவில்லை. நான் ஓடிப்போய் எடுத்தேன்.

"அத்தை, அப்பா கோயிலுக்குப் போயிட்டாக" என்றது குரல். செவ்வாயும் வெள்ளியும் வெயிலுமுத்து முருகன் கோயிலுக்குப் போவான். அப்போதுதான் கேபிள் ஆபீஸில் பேச்சி தனியாக இருப்பாள்.

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன்.

பாவம். அவளுக்கு என்ன புரிந்திருக்கும்?

அக்டோபர் 21, வெள்ளி

நெட் நிற்கவில்லை. போனும் வரவில்லை.

அக்டோபர் 24, திங்கள். தீபாவளி

கதிரேசன் கம்ப்யூட்டரில் முகம் காட்டினான். இடையில் ஒருதரம் உறைந்து நின்றான், வாய் திறந்தபடி, கையில் மிக்சரோடு. யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். வினோதினி சிரிக்கவில்லை. நவம்பர் இரண்டை நினைத்திருப்பாள். நிற்பது நின்றுவிட்டது, மெதுவு போகவில்லை.

அக்டோபர் 26, புதன்

நேற்றில் இருந்து அடை மழை. போன் செத்துவிட்டது. நெட்டும் இல்லை.

சௌந்தரபாண்டிக்குச் செல்லில் சொன்னோம். பஜார் மூலையில் பள்ளத்துக்குள் இருக்கிற ஜாயிண்டில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். தண்ணீர் வற்றி, தோண்டி, ஒவ்வொரு ஜோடி ஒயராகப் பிரித்துச் சேர்க்க வேண்டும். நவம்பர் முதல் வாரம் தாண்டிவிடும் என்றார்.

வினோதினி மாடிப்படியில் உட்கார்ந்து செல்போன் நெட்டில் வகுப்பு எடுத்தாள். பாதியில் பிள்ளைகள், "மிஸ், கேக்கலை, கேக்கலை" என்றார்கள். குடை பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வேறு என்ன செய்ய?

அக்டோபர் 28, வெள்ளி

வினோதினி ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு வேலூர் போகப்போகிறாளாம். இரண்டாம் தேதி வகுப்பை வேலூரில் இருந்து எடுத்துவிடுவாளாம்.

"திரும்பி என்னைக்கு?" என்றேன்.

"பாக்கலாம் அத்தை. வேலை நிரந்தரம்னு ஆயிட்டா தினம் வகுப்பு இருக்கும். இங்க இருந்து எப்படி எடுக்கறது?" குரலில் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "யாழினிக்கு அரையாண்டு முடியற வரைக்கும் வேணா அவ இங்க..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

யாழினிக்குத் தலை வாரிவிட்டேன். இரட்டைச் சடை. ஒருதரம் கோணலாகிவிட்டது என்று அவிழ்த்துத் திரும்பவும் பின்னினேன்.

அக்டோபர் 29, சனி

கேபிள் ஆபீஸுக்குப் போனேன்.

நானாகத்தான் போனேன். யாரும் அனுப்பவில்லை.

வெயிலுமுத்து நாற்காலியில் உட்கார்ந்து, பழுதான ரிமோட் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தான். தலை முழுதும் நரைத்துவிட்டது. தூரத்தில் பார்க்கும்போது தெரியவில்லை. பேச்சி என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கத்தை" என்றாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"பேச்சி, யாரோ வந்திருக்காக, என்ன வேணும்னு கேளு."

"பேச்சி, நெட் கனெக்‌ஷன் வேணும்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு."

"யாருக்குன்னு கேளு."

"என் மருமகளுக்குன்னு சொல்லு."

ரிமோட்டைத் தட்டுவது நின்றது. பேச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே ரூம்ல முகத்துக்கு முகம் நிக்கீக. நடுவுல நான் எதுக்கு? எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு, கட்டினவன் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. எனக்கில்லாத ரோசத்த நீங்க ரெண்டு பேரும் இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியுதீக" என்றாள்.

அவன் அதைக் காதில் வாங்காத மாதிரி, "எங்க கேபிளு மூணுதான் ஓடுதுன்னு டீச்சரம்மா வீட்டுல போய்ச் சொன்னாகளாம். மூணு ஓடுற ஒயரு அவுகளுக்கு எதுக்குன்னு கேளு" என்றான்.

ஊரில் எதைச் சொன்னாலும் இவன் காதுக்குத்தான் முதலில் போகிறது. எனக்கு முகம் சுட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது.

"மேட்ச் நேரத்துல மூணு" என்றேன். "காலைல பாத்தேன். அறுபது."

இப்போதுதான் நிமிர்ந்தான். "காலைல பாத்தத டீச்சர்கிட்டச் சொல்லலையே?"

"இப்பச் சொல்லுதேன்ல."

திரும்பவும் குனிந்தான். பிறகு ரிமோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "அந்தப் பிள்ளைக்கு வகுப்பு எந்நேரம்?"

"நாலரைல இருந்து ஆறரை. புதன்கிழமை மேலாளர் வந்து பாக்காக. அன்னைக்குப் படம் நின்னா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வேலூருக்கே போயிருவா."

"புதன்கிழமை மேட்ச் இருக்கு. நாலு மணியில இருந்து ஓடாது. தெரு பூரா ஒரே ஒயரு. ஏமாத்தி விக்க மாட்டேன், பாத்துக்க." இதைப் பேச்சியிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னான். "ஒயர் தாரேன். ஸ்பீடுக்கு நான் பொறுப்பில்ல."

"சரி" என்றேன். வேறு வழி? வெயிலுகந்தம்மன் பேரில் போட்ட சபதத்துக்குத் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

தெருவில் வரும்போது டீச்சர், "மதினி, மழையில எங்க போயிட்டு வாரீக?" என்றாள். கேபிள் ஆபீஸுக்கு என்றேன். நல்ல சத்தமாகவே சொன்னேன்.

அக்டோபர் 30, ஞாயிறு

பேச்சி தோளில் ஒயர் சுருளோடு வந்தாள். ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வினோதினியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே யாழினி, "அம்மா, போன்ல வர்ற குரலு!" என்று கத்திவிட்டாள்.

வினோதினி பேச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "செவ்வாய், வெள்ளி நீங்கதானா அக்கா?"

"நாந்தான் தாயி. அப்பா கோயிலுக்குப் போற நேரம். உனக்கு நெட்டு அறுந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானே நெட்டு விக்கிறவ, உன் நெட்ட நானே அத்துருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். பேச்சியைப் பற்றி இந்த வீட்டில் நான் பேசியதில்லை. பேசினால் வினோதினி சங்கடப்படுவாள் என்று இருந்தேன். அவள் ஒன்றும் சங்கடப்படவில்லை. ஒயர் எங்கே ஓட வேண்டும் என்று இரண்டு பேரும் சுவரைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். மோடம் பீரோவுக்குப் பின்னால் இருந்தால் வேகம் குறையும், உயரத்தில் வை என்று பேச்சி சொல்ல, இவள் ஸ்டூல் போட்டு ஏறினாள். "ஏட்டி, என்னையப் பெரியம்மான்னு கூப்பிடு" என்று யாழினியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

காலை நேரம், அறுபத்திரண்டு வந்தது. வினோதினி பயணத்தைப் புதன் தாண்டித் தள்ளிப் போட்டிருக்கிறாள். தள்ளித்தான் போட்டிருக்கிறாள்.

நவம்பர் 1, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து வந்தது. பிறகு நாலு. படம் நின்று நின்று வந்தது. பேச்சி அப்படித்தான் வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். தெருவை இரண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பெட்டி போட்டால்தான் சரியாகுமாம், அந்தப் பெட்டி மதுரையில் இருந்து வர வேண்டும்.

வினோதினி சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்தேன்.

நவம்பர் 2, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். 

நாலு மணிக்கு வேகம் பார்த்தோம். மூணு. எல்லா வீட்டிலும் நெட்டில் மேட்ச். டீச்சர் வீட்டில் போட்ட கூச்சல் இங்கே கேட்கிறது. வினோதினி நல்ல புடவையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "விடுங்க அத்தை, நம்மால ஆனது செஞ்சாச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். மேலாளர் அம்மாவின் முகம் திரையில் வந்தது, கட்டம் கட்டமாக.

நாலரை. திடீரென்று அந்த முகம் துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி தெளிந்தது. காதில் போட்டிருந்த கம்மல்கூடத் தெரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். வினோதினி ஒரு நொடி வேகம் காட்டுகிற செல்போனைப் பார்த்தாள், என்னிடம் திருப்பிக் காட்டினாள். அறுபத்தெட்டு. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து பாடத்தை ஆரம்பித்தாள்.

யாழினியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் தெருவே வெளியில் நிற்கிறது.

"மதினி, நெட்டு போச்சு! உங்களுக்கு இருக்கா?" என்றாள் டீச்சர்.

"எனக்கு என்னம்மா தெரியும், அஞ்சாங்கிளாஸ்" என்றேன்.

"நல்ல கட்டத்துல அத்துட்டானே அந்த மனுசன்!" என்று மேட்ச் பார்த்த ஆம்பளைகள் நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேபிள் ஆபீஸ் பக்கம் போனார்கள். திரும்பி வரும்போது முனகிக்கொண்டு வந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறானாம். மழையில் ஜாயிண்ட் போய்விட்டது, ஆறரைக்குத்தான் சரியாகும் என்கிறானாம். எப்படி ஆறரை என்று தெரியும் என்று கேட்டால் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினானாம்.

மழை நின்று இரண்டு நாள் ஆகிறது.

உள்ளே வினோதினி பிள்ளைகளிடம் ஒரு தோசையை எட்டாக வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருதரம்கூட அவள் குரல் அறுந்து போகவில்லை. தெருவுக்கெல்லாம் வர வேண்டியது அத்தனையும் அந்நேரம் எங்கள் ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து அத்தனை பேரின் வசவையும் கேட்டேன். வெயிலுமுத்துவைத்தான் திட்டினார்கள். ஒவ்வொன்றும் என் மேல் விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

நவம்பர் 3, வியாழன்

கேபிள் ஆபீஸ் வழியாகத்தான் ரேஷன் கடைக்குப் போனேன். சுற்றுவழிதான்.

"நேத்து என்னடா ஆச்சு?" என்றேன். பேச்சி நடுவில் இல்லை. டீ வாங்கப் போயிருந்தாள்.

"ஜாயிண்ட் போயிருச்சு."

"தெருவுக்கெல்லாம் போன ஜாயிண்ட் எனக்கு மட்டும் போகலையே?"

"உனக்கு இப்பத்தான போட்டோம். புதுசுல்லா." ரிமோட்டை முதுகுப்பக்கம் திறந்து பேட்டரியை மாற்றினான். "பாஸ் ஆயிருச்சாமா அந்தப் பிள்ளை?"

"ஒரு வாரத்துல சொல்லுவாகளாம்."

"ம்." பிறகு, "வசவு கொஞ்சமா வாங்கினேன்? நம்ம அய்யாவ எல்லாம் இழுத்துட்டானுக" என்றான்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றேன்.

நவம்பர் 9, புதன்

வேலை நிரந்தரம். கம்பெனியில் இருந்து கடிதம் கம்ப்யூட்டரிலேயே வந்தது. வினோதினி எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினாள். இங்கிலீஷ். எனக்குப் புரியாது என்று தமிழில் திரும்பச் சொல்ல வந்தாள். "நிரந்தரம்னுதான போட்டிருக்கு? போதும்" என்றேன்.

அவள் அம்மா வேலூரில் இருந்து கூப்பிட்டு எப்போது வருகிறாய் என்று கேட்டார்கள். "பெட்டி மாத்துறாங்கம்மா, அதப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 13, ஞாயிறு

மதுரையில் இருந்து பெட்டி வந்துவிட்டது. எங்கள் வாசலுக்கு நேராக இருக்கிற கம்பத்தில்தான் கட்ட வேண்டுமாம். பேச்சி வருவாள் என்று பார்த்தால் வெயிலுமுத்துவே ஏணியோடு வந்தான். அறுபத்திரண்டு வயசில் ஏணி ஏறாதீர்கள் என்று பேச்சி ஆபீஸ் வாசலில் இருந்து கத்துவது இங்கே வரை கேட்டது. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஏறிவிட்டான்.

நான் வாசலில் நின்றேன். கூப்பிடவா, வேண்டாமா என்று இருந்தது. கூப்பிட்டு அவன் வரவில்லை என்றால் தெரு பார்க்கும்.

வினோதினி என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். கையில் டீ. ஏணிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து, "மாமா, டீ" என்றாள். இந்த ஒன்பது வருஷத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

மேலே ஒயரை முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "சீனி போட்டிருக்கியா? எனக்குச் சீனி ஆகாது."

"போடல மாமா. பேச்சி அக்கா சொன்னாங்க."

மெதுவாக இறங்கி வந்தான். தெருவில் நின்றபடியே குடித்தான். அவள் பக்கத்திலேயே நின்றாள்.  அவன்தான், "பெட்டி போட்டா சாயங்காலம் ஒரு இருவது வரும். உன் பாடத்துக்கு அது காணுமா?" என்று கேட்டான்.

"தாராளமா மாமா. தினமும் எடுக்கலாம்" என்றாள். "நான் எங்கயும் போகல."

தம்ளரை நீட்டினான். வாங்கப் போனவளிடம், "இன்னும் ஒரு வாய் இருக்குமா?" என்றான். வினோதினி உள்ளே ஓடினாள். அவன் திரும்பவும் ஏற ஆரம்பித்தான். முந்தின நாள் மழைக்கு ஊறிய மண், ஏணி ஒரு பக்கம் அமிழ்ந்தது. நான் தெருவில் இறங்கிப் போய் அதைப் பிடித்துக்கொண்டேன்.